ஞானப்பல் வலி: மாத்திரையில ஓட்டறதா, ஈறை வெட்டறதா, பல்லையே எடுத்துடறதா?

ஞானப்பல் வலின்னு வாயைத் திறந்து சொன்னா போதும், நாலு பக்கத்துலேர்ந்தும் யோசனை வந்துடும். அம்மா உப்புத்தண்ணி கொப்புளிக்கச் சொல்வாங்க, ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் ஒரு மாத்திரை பேர் சொல்வார், மெடிக்கல்ல போய் நின்னா சின்ன பேப்பர் கவர்ல கலர் கலரா நாலஞ்சு மாத்திரையைப் போட்டு "ரெண்டு வேளை, சாப்பிட்டதும்"னு குடுத்துடுவாங்க, இதுக்கு நடுவுல ஏற்கனவே பல் எடுத்தவங்க யாராவது ஒருத்தர் "வேணாம்ப்பா, அதுல கை வைக்காத, நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்"னு ஆரம்பிப்பாங்க. இதுல எதுவுமே முழுசா தப்பு இல்ல, எந்த நேரத்துக்கு எதுங்கறதுலதான் எல்லாரும் சொதப்பறோம்.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். வலி எவ்வளவு இருக்குங்கறதை வச்சு முடிவெடுக்காதீங்க. அந்தப் பல் தாடைக்குள்ள எப்படி நிக்குது இல்ல படுத்திருக்கு, இந்த வலி வர்றது முதல் தடவையா அடுத்த தடவையா, அதுக்கு முன்னாடி நிக்கற பல்லை அது என்ன பண்ணிட்டிருக்கு, இந்த மூணுதான் கணக்கு. வலி தானா போயிடுச்சுங்கறது ஒரு சாட்சியே இல்ல, ஏன்னா இந்த வலியோட குணமே வந்துட்டு போறதுதான்.

உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சாத்தான் ஆப்ஷன் ஒவ்வொண்ணும் எதைச் சரி பண்ணுது எதை விட்டுடுதுன்னு புரியும். ஞானப்பல் பொதுவா 17லேர்ந்து 25 வயசுக்குள்ள முளைக்கும், அப்பவே தாடையில இடமெல்லாம் புக் ஆயிருக்கும். மேல்தாடையைவிட கீழ்த்தாடையிலதான் தொல்லை ஜாஸ்தி. பாதி முளைச்சு பாதி ஈறுக்குள்ளயே நின்னுடும்போது, பல்லுக்கு மேல ஈறு ஒரு மூடி மாதிரி தொங்கும், அந்த மூடிக்கு அடியில சோத்துப்பருக்கை, முறுக்குத்தூள், கறி நார் எல்லாம் போய் உட்காரும், பிரஷ் அங்க எட்டாது, கிருமி சேரும், ஈறு வீங்கும். இதுக்கு டாக்டர்கள் பெரிகரோனைட்டிஸ்னு பேர் சொல்வாங்க. ராத்திரி மொபைல் டார்ச்சைப் போட்டு கண்ணாடியில பாத்தீங்கன்னா கடைசிப் பல்லுக்குப் பின்னாடி செவந்து உப்பின சதை தெரியும், அது மேல மேல்பல்லோட தடம்கூட பதிஞ்சிருக்கும், ஏன்னா வீங்கின சதையை மேல்பல் ஒவ்வொரு தடவை வாய் மூடும்போதும் கடிச்சிட்டே இருக்கும், கடிக்க கடிக்க இன்னும் வீங்கும். லேசா அமுக்கினா ஒரு கெட்ட ருசியில ஏதோ கசியும். காதுக்குள்ள குத்தற மாதிரி இருக்கும், எச்சில் முழுங்கினா வலிக்கும், வாய் ரெண்டு விரல் அளவுக்குமேல திறக்காது. சிலர் காது டாக்டர்கிட்ட போய்ட்டு அங்கேர்ந்து பல் டாக்டர்கிட்ட அனுப்பப்பட்டு வர்றதெல்லாம் இதனாலதான்.

சரி, இப்ப முதல் வழி, வீட்டுலயே பாத்துக்கறது. ஒரு கிளாஸ் வெதுவெதுப்பான தண்ணியில அரை டீஸ்பூன் உப்பு போட்டு, சும்மா வாயில வச்சு துப்பாம அந்தப் பக்கமா தலையை சாய்ச்சு நல்லா அலசி, ஒவ்வொரு சாப்பாட்டுக்கு அப்புறமும் கொப்புளிச்சா நிஜமாவே பலன் இருக்கு, ஏன்னா பிரச்னையே மாட்டிக்கிட்ட குப்பைதான். சின்ன தலை உள்ள பிரஷ் வாங்கி வலிச்சாலும் அந்த இடத்தை மெதுவா தேய்க்கணும், வலிக்குதுன்னு தேய்க்காம விட்டா இன்னும் மோசமாகும். கிராம்பு தைலத்துல யூஜெனால்னு ஒரு பொருள் இருக்கு, அது அந்த இடத்தை மரத்துப்போக வைக்கும், உண்மைதான், ஆனா பஞ்சுல நிறைய நனைச்சு வச்சுக்கிட்டே தூங்கினா ஈறு வெந்துடும். ஆஸ்பிரினை பொடி பண்ணி ஈறுல வைக்கறது, புகையிலையை அடக்கிக்கறது, பிராந்தி ஊத்தி வாயில வச்சுக்கறது, இதெல்லாம் இன்னும் சில வீட்டுல நடக்குது, தயவுசெஞ்சு வேண்டாம், புண்ணுக்கு மேல இன்னொரு புண் ஆயிடும். கன்னம் வீங்கியிருக்கும்போது வெளியில சூடா ஒத்தடம் குடுக்கறதும் அப்படித்தான், ஐஸை துணியில சுத்தி வைக்கலாம், அது பரவால்ல.

மாத்திரையில பாராசிட்டமாலும் ஐப்யூப்ரோஃபெனும்தான் பேச்சு. பல் வலிக்கு வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கறதால ஐப்யூப்ரோஃபென் நல்லா கேக்கும், சாப்பிட்டதுக்கப்புறம் போடணும். ஆனா அல்சர் இருக்கறவங்க, கிட்னி பிரச்னை இருக்கறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க இவங்களுக்கு அது சரிப்படாது, பாராசிட்டமாலோட நிறுத்திக்கணும். ஊர்ல டெங்கு ஓடிட்டிருக்கும்போது காய்ச்சலும் சேர்ந்து இருந்தா ஐப்யூப்ரோஃபென் பக்கமே போகாதீங்க, ரத்தக்கசிவு ஆபத்து. இன்னொண்ணு, இதை யாரும் கவனிக்கறதில்ல, மெடிக்கல்ல குடுக்கற வலி மாத்திரை நிறைய கலவை மாத்திரைதான், ஐப்யூப்ரோஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்து ஒண்ணு, அசிக்ளோஃபெனக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்து இன்னொண்ணு. அதைப் போட்டுட்டு "வலி கேக்கல"ன்னு மேல ஒரு டோலோ 650 போட்டா பாராசிட்டமால் டபுளாயிடும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டவே கூடாது, லிவர் கோளாறு இருந்தாலோ தண்ணி அடிக்கற பழக்கம் இருந்தாலோ அதைவிட ரொம்பக் கம்மியாத்தான் எடுக்கணும். அட்டையைத் திருப்பி எழுத்தைப் படிங்க, பேப்பர் கவர்ல உதிரியா குடுத்தா அட்டையோட குடுங்கன்னு கேளுங்க.

வீட்டு வைத்தியத்துக்கு நான் குடுக்கற டைம் ரெண்டு நாள், மிஞ்சிப்போனா மூணு. முதல் தடவையா வலிக்குது, காய்ச்சல் இல்ல, வெளியில கன்னம் வீங்கல, வாய் ஓரளவு திறக்குதுன்னா இது போதும். அதுக்குள்ள குறையலைன்னா கிளம்பிடணும். குறைஞ்சாலும் சாவகாசமா ஒரு நாள் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துக்கறது நல்லது, அது ஏன்னு பின்னாடி சொல்றேன்.

ரெண்டாவது வழி ஆன்டிபயாட்டிக். இதுதான் நம்ம ஊர்ல அதிகம் பேர் போற வழி, எனக்கு சுத்தமா பிடிக்காத வழியும் இதுதான். அமாக்ஸிசிலினோ மெட்ரோனிடசோலோ நாலு நாள் போடறோம், வலி போயிடுது, "பாத்தியா, டாக்டர் செலவு மிச்சம்"ங்கறோம். ஆனா அந்த ஈறு மூடி அங்கயேதான் இருக்கு, அடியில குப்பை சேர்ற இடமும் அங்கயேதான் இருக்கு. என் மாமா பையன் இப்படித்தான் ஓட்டிட்டிருந்தான், ஒவ்வொரு தடவையும் அதே கடை அதே மாத்திரை, கடைசியா எக்ஸ்ரே எடுத்தப்ப ஞானப்பல்லு மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடி இருந்த நல்ல கடவாய்ப்பல்லும் பின்பக்கமா ஆழமா சொத்தையாகி நரம்பு வரைக்கும் போயிருந்துச்சு. மாத்திரையில மிச்சம் பண்ண காசுக்கு பலமடங்கு ரூட் கெனால், கேப்னு போச்சு.

ஆன்டிபயாட்டிக்கே வேண்டாம்னு சொல்லல. காய்ச்சல் இருந்தா, கன்னத்துலயோ தாடைக்கு அடியிலயோ வீக்கம் பரவினா, வாய் திறக்கவே முடியாம இறுகிப்போனா, கழுத்துல நெறி கட்டினா டாக்டரே எழுதுவார், அப்ப முழு கோர்ஸும் போடணும், மெட்ரோனிடசோல் எடுக்கற நாள்லயும் முடிஞ்ச ரெண்டு மூணு நாள் வரைக்கும் மது கூடாது. ஆனா அது பரவறதைத் தடுக்கறதுக்குத்தான், இடத்தைச் சுத்தம் பண்றதுக்குப் பதில் இல்ல. சுத்தம் பண்ணாம மாத்திரை மட்டும் போடறது பாதி வேலைதான்.

இந்த இடத்துல ஒண்ணை நிறுத்திச் சொல்லணும், ஏன்னா இதுல ஆப்ஷன் கிடையாது. நாக்குக்கு அடியில வீங்கி நாக்கு மேல தூக்கிட்டு வருது, எச்சில் முழுங்க முடியாம ஒழுகுது, குரல் மாறி கொழகொழன்னு பேசறாங்க, தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி வீக்கம், மூச்சு விட சிரமம், இதுல எது இருந்தாலும் பல் கிளினிக் திறக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க, பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போங்க, 108 கூப்பிடுங்க. லுட்விக்ஸ் ஆஞ்ஜைனான்னு இதுக்குப் பேரு, ஜெர்மன் டாக்டர் லுட்விக் 1836லயே எழுதிவச்ச நோய்தான். கீழ்த்தாடையோட கடைசி ரெண்டு கடவாய்ப்பல்லோட வேர்முனை, வாயோட அடித்தளத் தசைக்குக் கீழ போய் நிக்கறதால அங்கேர்ந்து சீழ் நேரா கழுத்துப் பக்கம் இறங்க வழி இருக்கு. சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கு இது வேகமா பரவும், அதனால சுகர் இருக்கறவங்க நான் மேல சொன்ன ரெண்டு மூணு நாள் கணக்கைப் பாக்காம முதல் நாளே காட்டிடுங்க.

மூணாவது வழி, கிளினிக்ல போய் சுத்தம் மட்டும் பண்ணிக்கறது. ஊசி போடற சிரிஞ்சுல முனை மழுங்கின வளைஞ்ச ஊசியை மாட்டி, ஈறு மூடிக்கு அடியில விட்டு சலைன்ங்கற உப்புநீரோ குளோர்ஹெக்ஸிடின்ங்கற கிருமிநாசினியோ பீய்ச்சி அலசுவாங்க, உள்ளேர்ந்து வர்றதைப் பாத்தா இவ்வளவு குப்பையை வச்சுக்கிட்டா சுத்திட்டிருந்தோம்னு நமக்கே ஒரு மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் பெரும்பாலும் வலி நல்லா குறையும். மேல்பல் சதையைக் கடிக்குதுன்னா அதை லேசா ராவி விடுவாங்க, இல்ல அந்த மேல் ஞானப்பல் வேலைக்கு ஆகாததா இருந்தா அதையே எடுத்துடுவாங்க, மேல்பல் எடுக்கறது பெரும்பாலும் சுலபம்.

ஈறு மூடியை மட்டும் வெட்டி எடுக்கறதும் இருக்கு. பல் நேரா முளைச்சிருந்து, முழுசா வெளிய வர இடமும் இருந்து, சதை மட்டும்தான் இடைஞ்சல்னா அது நல்ல வழி, பல்லும் மிஞ்சும். ஆனா பல் முன்பக்கமா சாஞ்சோ படுத்தோ இருந்தா சதையை வெட்டி பிரயோஜனமே இல்ல, கொஞ்ச மாசத்துல திரும்ப வளர்ந்துடும். "வெட்டி விட்டா போதுமா டாக்டர், எடுக்கணுமா"ன்னு கேக்கறவங்க எக்ஸ்ரே பாக்காம சொல்ற பதிலை நம்பாதீங்க. சின்ன பல் எக்ஸ்ரே பத்தாது, ஓபிஜின்னு ஒண்ணு, தாடையை ஒரு தட்டுல வச்சு முன்பல்லால ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கடிச்சிட்டு நிக்கணும், மெஷின் தலையைச் சுத்தி வரும், மொத்தப் பல்லும் ரெண்டு தாடையும் ஒரே படத்துல வந்துடும். இந்தப் படம் வந்தப்புறம்தான் உண்மையான பேச்சே ஆரம்பிக்குது.

நாலாவது வழி, எடுத்துடறது. இதுல ஊருக்கு ஊர் டாக்டர்களுக்குள்ளயே கருத்து வேற. அமெரிக்காவுல தொந்தரவே இல்லாட்டியும் காலேஜ் போற வயசுலயே நாலையும் எடுத்துடற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. இங்கிலாந்துல நேர் எதிரா, நைஸ்ங்கற அவங்க அரசு மருத்துவ அமைப்பு 2000லயே சொல்லிடுச்சு, நோய் எதுவும் இல்லாத ஞானப்பல்லை முன்கூட்டியே எடுக்காதீங்கன்னு. முதல் தடவை ஈறு வீங்கினா, ரொம்ப மோசமா இல்லாதவரை, அதுக்காக மட்டும் எடுக்க வேண்டாம், ரெண்டாவது தடவை வந்தா எடுக்கறது நியாயம்ங்கறதும் அதுல இருக்கு. எனக்கு அந்த ரெண்டாவது தடவைங்கற கணக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, நம்ம ஆளுங்களுக்கும் கரெக்டா பொருந்தும். எடுத்தே ஆகணும்ங்கற மத்த காரணங்கள்: அடைக்க முடியாத சொத்தை, வேர்ல சீழ், பல்லைச் சுத்தி நீர்க்கட்டி, பக்கத்துப் பல்லை அரிக்கறது.

அந்தப் பக்கத்துப் பல்தான் என்னைக் கேட்டா மொத்த விஷயத்துக்கும் மையம். ஞானப்பல் இல்லாம யாருக்கும் சாப்பாடு நிக்கல, சிலருக்கு அது முளைக்கறதே இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி நிக்கற ரெண்டாவது கடவாய்ப்பல் காலத்துக்கும் மெல்ல வேண்டிய பல். ஞானப்பல் முன்பக்கமா சாஞ்சு அதோட முதுகுல முட்டிட்டு நிக்கும்போது ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடுக்கு வருது, அங்க பிரஷ்ஷும் போகாது நூலும் போகாது, சொத்தை சத்தமே இல்லாம வளரும், நரம்பைத் தொடற வரைக்கும் வலிக்காது. வலி குறைஞ்சாலும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கன்னு மேல சொன்னது இதுக்காகத்தான். வலியே இல்லாதவங்க, பல் முழுசா எலும்புக்குள்ள புதைஞ்சு நிம்மதியா கிடந்தா, சும்மா விட்டுட்டு அப்பப்ப செக்கப்ல பாத்துக்கிட்டா போதும். பாதி வெளிய வந்து, முன்னாடி நிக்கற கடவாய்ப்பல்லை முட்டிட்டு நிக்கற ஞானப்பல் இருக்கறவங்க, வலி இல்லாட்டியும் டாக்டர்கிட்ட பேசி வைக்கணும்.

பயத்துக்கு வருவோம். மேல்பல் எடுத்தா கண்ணு போயிடும்ங்கறது நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா ஓடற கதை, கண் நரம்புக்கும் பல்லுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா கீழ்ப்பல்லுக்கு ஒரு நிஜமான ரிஸ்க் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயமில்ல. கீழ்த்தாடை எலும்புக்குள்ள ஒரு நரம்பு ஓடுது, கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி குடுக்கறது அதுதான், ஞானப்பல்லோட வேர் சிலருக்கு அதைத் தொட்டுக்கிட்டே இருக்கும். நாக்குக்குப் போற நரம்பு உள்பக்கமா ஒட்டி ஓடுது. எடுக்கும்போது இதுல அடிபட்டா உதடோ நாக்கோ மரத்துப்போகலாம், பெரும்பாலும் சில வாரத்துல, சில மாசத்துல சரியாயிடும், நிரந்தரமா நிக்கறது அபூர்வம். ஓபிஜியில வேர் நரம்புக்குழாய் மேல விழற மாதிரி தெரிஞ்சா சிபிசிடி ஸ்கேன் எடுத்து முப்பரிமாணமா பாக்கச் சொல்வாங்க, அந்த நேரத்துல செலவு பாக்காதீங்க. நெஜமாவே ஒட்டிட்டிருந்தா தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்துட்டு வேரை உள்ளயே விட்டுடற முறையும் இருக்கு, கொரோனெக்டமின்னு சொல்வாங்க, பல்லுல சொத்தையோ வேர்ல சீழோ இருந்தா அது ஒத்துவராது.

வயசும் ஒரு கணக்கு. இருபதுகள்ல எலும்பு இளசா இருக்கும், சிலருக்கு வேரும் முழுசா வளர்ந்திருக்காது, சீக்கிரம் ஆறும். நாப்பதுக்கு மேல அதே பல் இன்னும் இறுகியிருக்கும், கூட சுகர், பிரஷர்னு துணைக்கு ஆள் சேர்ந்திருக்கும். அதனால எப்படியும் எடுத்தாகணும்னு படத்துல தெளிவா தெரிஞ்சா தள்ளிப்போடறதுல லாபம் இல்ல. குழந்தைக்கு பிளான் பண்ற பொண்ணுங்க அதுக்கு முன்னாடியே முடிச்சிடறது புத்திசாலித்தனம், கர்ப்ப காலத்துல ஈறு வீக்கம் ஜாஸ்தியாகும், போடக்கூடிய மாத்திரையோட லிஸ்ட்டும் சுருங்கிடும். ரத்தம் உறையாத மாத்திரை, எலும்புத் தேய்மான ஊசி எடுக்கறவங்க முதல்லயே டாக்டர்கிட்ட சொல்லணும், தானா நிறுத்திட்டுப் போகக்கூடாது.

எங்க போறதுன்னா, நேரா முளைச்ச பல்லுக்கு வீட்டுப்பக்கத்து பிடிஎஸ் டாக்டரே தாராளம். படுத்த பல், நரம்புக்குப் பக்கத்துல இருக்கற பல்லுன்னா முகத்தாடை அறுவை சிகிச்சையில எம்டிஎஸ் முடிச்சவர்கிட்டதான் குடுப்பேன், நிறைய கிளினிக்ல அவர் குறிப்பிட்ட நாள்ல மட்டும் வந்து போவார், கேட்டு அந்த நாள்ல போங்க. தனியார்ல சாதாரணமா புடுங்கறதுக்கும் எலும்பு வெட்டி எடுக்கறதுக்கும் ரேட் ரொம்ப வித்தியாசம், எக்ஸ்ரே, மருந்து, தையல் பிரிக்கறது எல்லாம் சேர்த்தானு முன்னாடியே கேளுங்க, பல் வைத்தியத்தை நிறைய மெடிக்ளெய்ம் பாலிசி விபத்து தவிர ஏத்துக்கறதில்ல. காசு இடிக்குதுன்னா சென்னையில கோட்டை ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு, சிதம்பரத்துல இருக்கு, புதுக்கோட்டையில 2023ல ஆரம்பிச்சாங்க. காலைல போய் ஓபி சீட்டு வாங்கி வரிசையில நிக்கணும், ஒரு நாள்ல முடியாது, பயிற்சி டாக்டர் கை வைக்கலாம், ஆனா மேல சீனியர் நிப்பாங்க, அவங்க ஒரு வாரத்துல பாக்கற ஞானப்பல்லை சின்ன கிளினிக் பல மாசத்துலயும் பாக்காது. கஷ்டமான பல்லுன்னா வரிசையில நிக்கறது வீண் இல்லங்கறது என் எண்ணம்.

எடுக்கறப்ப வலிக்காது, மரத்துப்போற ஊசி குத்தறதுதான் வலி. அப்புறம் அமுக்கற உணர்ச்சியும், பல்லைத் துண்டு துண்டா வெட்டற டிரில் சத்தமும் காதுக்குப் பக்கத்துல கேக்கும், அதுதான் பயமா இருக்கும். முடிஞ்சதும் கருப்பு நூல்ல தையல் போட்டு, பஞ்சுத் துணியைக் கடிச்சுக்கச் சொல்வாங்க. அன்னிக்கு முழுக்க துப்பக்கூடாது, கொப்புளிக்கக்கூடாது, சூடா காபி கூடாது, இளநீர் குடிங்கன்னு வீட்டுல வாங்கிட்டு வருவாங்க, குடிக்கலாம், ஆனா ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீங்க, குழியில உறைஞ்ச ரத்தக்கட்டி பேந்துடும். ஆறின ரசம் சாதம், தயிர் சாதம் போதும். எச்சில்ல லேசா சிவப்பு வர்றது முதல் நாள் சகஜம்.

தேதி குறிக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. எல்லாரும் லீவு மிச்சம்னு வெள்ளிக்கிழமையா பாத்துதான் கேப்பாங்க. ஆனா வீக்கம் உச்சத்துக்குப் போறது ரெண்டாவது மூணாவது நாள், ரத்தக்கட்டி பேந்து ட்ரை சாக்கெட் ஆச்சுன்னா அந்த காது வரைக்கும் ஏறற வலி ஆரம்பிக்கறதும் ரெண்டுலேர்ந்து நாலாவது நாளுக்குள்ள, சிகரெட் பிடிக்கறவங்களுக்கு அதுக்கு வாய்ப்பு இன்னும் ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை பண்ணா அது கரெக்டா ஞாயித்துக்கிழமை, கிளினிக் பூட்டியிருக்கும், டாக்டர் போனும் எடுக்க மாட்டார். குழியைக் கழுவி மருந்து வச்சு விட்டா கொஞ்ச நேரத்துலயே அடங்கிடற வலிதான், அதுக்கு ஆள் வேணுமே. அதனால லீவு போனா போகுதுன்னு திங்களோ செவ்வாயோ பாத்து வச்சுக்கங்க.